படிக்காமல் இடும் கைநாட்டு: நிரல் எழுதும் எந்திரமும் நம் தமிழ்க் கணிமையும்

கணினிக்கு நாம் இடும் ஆணைத் தொகுதியை நிரல் என்கிறோம். அதனை எழுதுவதே மென்பொருள் துறையினரின் தொழில் என்று சில ஆண்டுகளுக்கு முன்புவரை எவரும் தயங்காமல் சொல்லியிருப்பர். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிட்ஹப் நிறுவனம் ‘கோபைலட்’ என்னும் எழுத்துத் துணையை முன்னோட்டமாக வெளியிட்டது. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வந்தது. 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்ப்பாத்தி என்னும் கணினி அறிஞர், எந்திரம் தரும் நிரலைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டு வேலையை நடத்தும் முறைக்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் சூட்டினார். வார இறுதியில் செய்து பார்த்துத் தூக்கி எறியும் சிறு வேலைகளை மனத்தில் வைத்தே அவர் அப்படிச் சொன்னார். பெயர் உலகெங்கும் பரவியபோது அந்தக் குறிப்பு மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது.

இன்று கிள்ளானிலிருந்து கொமுட்டர் தொடர்வண்டியில் ஏறி, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் இறங்கி அலுவலகம் செல்லும் நம் இளைஞர்களுள் நிரல் எழுதுவோர் பலர். 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டமும் அதன் வழியே எழுந்த சைபர்ஜெயாவும் திறந்துவிட்ட தொழில் இது. அத்தொழிலின் மையமே இடம் மாறிக்கொண்டிருக்கும் வேளையில், பிறர் எழுதிய நிரலை நம்பும் பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றில் நம் பள்ளத்தாக்கிற்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

தாம் எழுதாத நிரலை நம்புவது புதிய செயலன்று. 1952இல் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார், மனிதர் தரும் சுருக்கக் குறிப்புகளைக் கொண்டு எந்திர ஆணைகளைத் தானே தொகுத்துத் தரும் ஏ-0 என்னும் முறையை உருவாக்கினார். கம்பைலர் என்று இன்று நாம் அழைக்கும் தொகுப்பிகளின் முன்னோடி அதுவே. 1957இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியையும் அதற்கான தொகுப்பியையும் வெளியிட்டபோது, கைதேர்ந்த நிரலர் பலர் நம்ப மறுத்தனர். கையால் எழுதும் ஆணைகளின் செப்பத்தை எந்திரம் எட்டாது என்பது அவர்களது வாதம். சில ஆண்டுகளுக்குள் அவ்வாதம் தளர்ந்தது. இன்று எந்திர ஆணைகளைக் கையால் எழுதுவோர் மிகச் சிலரே.

இவ்வரலாற்றைக் காட்டி, இப்போதைய அச்சமும் அத்தகையதே, அதுவும் ஓய்ந்துவிடும் என்று சொல்வாருளர். அக்கூற்றை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தொகுப்பி, முழுமையாகவும் துல்லியமாகவும் எழுதப்பட்ட ஒன்றை வேறொரு வடிவிற்கு மாற்றுகிறது. அதன் விதிகள் நூல்களில் எழுதப்பட்டுள்ளன. அதே மூலத்தையும் அதே அமைப்பையும் தந்தால் அதே விளைவு வரும். பிழை தோன்றினால் எந்த விதி தவறியது என்று சுட்டிக்காட்டலாம். செயற்கை நுண்ணறிவு மாதிரியோ, நாம் அரைகுறையாகச் சொன்னதை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதைத் தானே நிரப்புகிறது. நிரப்புவது, தான் முன்னர்க் கண்ட கோடிக்கணக்கான வரிகளில் பெரும்பான்மையாக இருந்தது எதுவோ அதைக் கொண்டு. மொழிபெயர்ப்பாளரிடம் கடிதத்தைக் கொடுப்பதும், ‘என் தம்பிக்கு ஏதாவது எழுதிப் போடுங்கள்’ என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வருவதும் ஒன்றாகா.

தொகுப்பியின் மீதுள்ள நம்பிக்கையையும் அறிஞர்கள் கேள்வி கேட்காமல் விட்டதில்லை. 1984இல் வெளிவந்த தம் டூரிங் விருது உரையில் கென் தாம்ப்சன், தொகுப்பியையே சூழ்ச்சியாகத் திருத்திவிட்டால் மூல நிரலில் எந்தத் தடயமும் இல்லாமல் ஒரு கள்ளக் கதவைப் புகுத்த முடியும் என்று காட்டினார். நாமே முழுதும் ஆக்காத நிரலை முழுதும் நம்ப இயலாது என்பதே அவ்வுரையின் சாரம்.

நம்பிக்கை தவறிய இடங்களுள் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ஏவூர்தி தன் முதற் பயணத்தில் ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. அதன் திசையறி கருவியில் இருந்த நிரலின் ஒரு பகுதி முந்தைய ஏரியன் 4 ஏவூர்திக்காக எழுதப்பட்டது. அங்கே பழுதின்றி வேலை செய்தது. புதிய ஏவூர்தி அதைவிட விரைவாகக் கிடைத்திசையில் நகர்ந்ததால், 64 பிட் இடத்தில் இருந்த எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடைக்க நிரல் முயன்றது, எண் கொள்ளவில்லை, கருவி நின்றது. மாற்றுக்கு வைத்திருந்த கருவியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் நின்றிருந்தது. இதில் வருந்தத்தக்கது என்னவென்றால், பிழை செய்த அந்தக் கணக்கு ஏரியன் 5 மேலெழுந்த பின் தேவையே இல்லாதது. நிரல் நன்றாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது எந்த நிலைமைகளை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது என்பதை ஏற்று இட்டவர்கள் மீண்டும் கேட்டுப் பார்க்கவில்லை. வேறிடத்திற்கு எழுதிய நிரல் நம் இடத்தில் வந்து அமரும்போது என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தமிழுக்கு இதனால் என்ன என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இனி நம் பக்கம் வருவோம். தமிழ் எழுத்தை எந்திரத்தில் ஏற்றிய முயற்சிகளில் மலாயாவின் பெயர் தொடக்கத்திலேயே வருகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய ஆர். முத்தையாவே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர். 247 எழுத்துகளை ஆங்கிலத்திற்காகச் செய்யப்பட்ட சில டசன் விசைகளில் அடக்குவதே அவர் முன் இருந்த சிக்கல். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி விசைகளாயின. புள்ளி தன் எழுத்தின் தலைமேலேயே விழ வேண்டும் என்பதற்காக, தட்டினாலும் தாளை நகர்த்தாத விசைகள் தேவைப்பட்டன. அந்தப் புள்ளி இன்றும் நிரலர்களை ஓய விடவில்லை என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

1985இல் முத்து நெடுமாறன் கோலாலம்பூரில் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். தமிழை எழுதவும் அச்சிடவும் வேண்டிய வழிமுறைகளைக் கணினி நிறுவனங்கள் தராத காலம் அது. ஆகவே எழுத்துரு, விசைப்பலகை, திரையில் எழுத்தைக் கோக்கும் முறை ஆகிய யாவற்றையும் தமிழறிந்தவரே எழுத வேண்டியிருந்தது. ‘கெ’ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே நிற்க வேண்டும். ‘கொ’ என்பதில் முன்னும் பின்னும் குறி வேண்டும். இவற்றைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும், எந்திரமும் தெரிந்திருக்க வேண்டும். முரசு அஞ்சலின் ஒலிப்பு முறை விசைப்பலகையும் இணைமதி எழுத்துருவும் பின்னர் ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றன. கைப்பேசிக்கான செல்லினம் 2005இல் வந்தது.

இவர் தனித்து நிற்கவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம், தமிழகத்திலும் ஈழத்திலும் வேறு பலர் என ஒரே காலத்தில் உழைத்தனர். அதனால் ஒரு குழப்பமும் விளைந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை வைத்திருந்ததால், ஓரிடத்தில் தமிழாக எழுதியது மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாகத் திறந்தது. அக்குழப்பத்தைத் தீர்க்க மின்னஞ்சல் குழுக்களில் நடந்த வாதத்திலிருந்து திஸ்கி பிறந்தது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நெட் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வந்தன. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. அந்த ஆண்டுகளின் சச்சரவுகளை நினைத்து இன்று நாம் புன்னகைக்கலாம். ஆனால் அச்சச்சரவுகளின் பயனாக ஒவ்வொரு விதியும் வெளிப்படையாக எழுதப்பட்டது. ஏன் அப்படி என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தார்.

விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை ஏற்ற பின், எழுத்தைக் கோக்கும் வேலை இயங்குதளத்தினுள் சென்றது. நிரலர் அதனைத் தாமே எழுத வேண்டியதில்லை என்றாயிற்று. இதுவும் பிறர் நிரலை நம்புவதே. எனினும் நம்பியது, எழுதி வைக்கப்பட்ட ஒரு தரத்தை.

எந்திரம் எழுதும் நிரலின் தரம் பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகள் சில உள. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கோபைலட்டிற்கு 89 சூழல்களைத் தந்து 1,689 நிரல்களைப் பெற்றனர். அவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் பாதுகாப்புக் குறைகள் இருந்தன. மெட்டர் என்னும் ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்புக்குரியது. தேர்ந்த நிரலர் 16 பேர் தமக்கு நன்கு பழகிய மென்பொருள்களில் 246 பணிகளைச் செய்தனர். எந்திரத் துணை இருந்தபோது அவர்கள் 19 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டனர். ஆனால் 20 விழுக்காடு விரைவாக முடித்ததாகவே நம்பினர். பதினாறு பேரைக் கொண்டு உலகத்தை அளந்துவிட முடியாது. எந்திரங்களும் ஆண்டுக்காண்டு திருந்தி வருகின்றன. எனினும் வேகம் கூடிற்றா இல்லையா என்பதைக் காட்டிலும், கூடியதாகத் தோன்றும் உணர்வை நம்பக் கூடாது என்பதையே அவ்வாய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம்.

தமிழ் நிரலுக்கு வரும்போது இச்சிக்கல் வேறொரு முகம் கொள்கிறது. எந்திரம் கற்ற நிரல்களில் மிகப் பெரும்பகுதி ஆங்கில எழுத்தை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. ஏரியன் 4இன் நிரல் ஏரியன் 5இல் அமர்ந்ததைப் போல, ஆங்கிலத்திற்குப் பொருந்தும் வழக்கம் தமிழ் வேலைக்குள் ஓசையின்றி வந்து அமர்கிறது. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம். பைத்தான் மொழி தெரிந்த மாணவர் எவரும் இன்றே செய்து பார்க்கலாம்.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று. வழக்கமான முறையில் பைத்தானைக் கேட்டால் ஐந்து என்னும். ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் இருப்பதே காரணம். ஒரு பெயரைச் சான்றிதழில் குறிப்பிட்ட நீளத்திற்கு வெட்டும் நிரல் இக்கணக்கை நம்பினால் ‘கார்த்திக்’ என்பவர் புள்ளியை இழந்து ‘கார்த்திக’ ஆவார். அடுத்து, ஒரு கட்டுரையைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னால் பலரும் கையாளும் குறியீடு ஒன்றுண்டு. பைத்தானின் இயல்பான தேடல் நூலகத்தில் அக்குறியீடு உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. விளைவு, ‘தமிழ்’ என்னும் ஒரு சொல் ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரண்டாக உடைகிறது. ‘கொ’ என்னும் எழுத்தையோ ஒருங்குறியில் இரு வகையாகப் பதியலாம்: ஒகரக் குறி ஒன்றாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொண்டுவராத நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். பட்டியலில் இருக்கும் கொற்றவையைத் தேடினால் இல்லை என்று சொல்லும்.

அகரவரிசையில்தான் சிக்கல் மிகுதி. ஒருங்குறியில் நம் எழுத்துகள் அமைந்த ஒழுங்கு, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டின் வழிவந்தது. அதில் தேவநாகரியின் ஒழுங்கே அடிப்படை. தமிழுக்கே உரிய எழுத்துகள் அவற்றை ஒத்தவற்றின் அருகில் வைக்கப்பட்டன. ஆகவே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. வகரமோ ழகரத்திற்கும் பின்னே போயிற்று. வெறுமனே வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி இவ்வொழுங்கையே பின்பற்றும். வலி, வழி, வளி என்பது நம் அகராதி முறை. கணினியோ வலி, வளி, வழி என்னும். கபிலனுக்கு முன் கனகா வந்து நிற்பார். மெய்யெழுத்தின் புள்ளி குறியீட்டு வரிசையில் கடைசிப் பக்கம் இருப்பதால், ‘அக்கம்’ முன்னே வரவேண்டிய இடத்தில் ‘அகம்’ வந்துவிடும்.

இவை எவையும் தீராத நோய்கள் அல்ல. ஒருங்குறி அமைப்பு பேணும் வட்டாரத் தரவுகளில் தமிழ் அகரவரிசை விதி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் தமிழ் எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளாகவே எண்ணித் தரும். எந்திரத்திடமே தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் இவற்றைப் பயன்படுத்திச் சரியான நிரலை எழுதித் தரவும் கூடும். ஆனால் தெளிவாகக் கேட்பதற்கு, புள்ளி தனிக்குறியீடு என்பதும், வரிசை இஸ்கி வழி வந்தது என்பதும் கேட்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எழுதுவதற்கு வேண்டிய அறிவே கேட்பதற்கும் வேண்டியிருக்கிறது. அவ்வறிவு எழுதி எழுதியே வருவது என்பதுதான் இங்குள்ள முடிச்சு. சோதனையையும் எந்திரத்திடமே விட்டால் அது ஆங்கிலப் பெயர்களைக் கொண்டே சோதித்து, எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டினால் வியப்பதற்கில்லை.

மனிதர் எழுதியவை மட்டும் தவறாதவையா என்று கேட்கலாம். தவறும். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு ஐபோன்களின் செயலிகளை முடக்கியது. ஆப்பிள் நிறுவனம் சில நாள்களில் திருத்தம் வெளியிட்டது. சோதிப்போர் குறைவாக உள்ள எழுத்துகளுக்கு இத்தகைய இடர் எப்போதும் உண்டு. வேறுபாடு எங்கென்றால், அங்கே நிரலை அறிந்தவர் இருந்தார், திருத்தவும் முடிந்தது. எவரும் படித்திராத நிரலில் பிழை தோன்றினால் திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது?

நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவர். வேலை நாள்களும் பிடித்தங்களும் கிராணியின் செக்ரோலில் ஏறும். சம்பள நாளில், எழுதப் படிக்கத் தெரியாதவர் அக்கணக்கின் கீழ்க் கைநாட்டு வைத்துவிட்டுப் பணத்தைப் பெற்றுச் செல்வார். கணக்கு சரியாகவும் இருக்கலாம். கிராணி நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் இட்ட கைநாட்டு, ‘நான் ஒப்புக்கொண்டேன்’ என்று பொருள்பட்டது. தோட்டப்புறத்தில் தமிழ்ப்பள்ளி வேண்டுமென்று நம்மவர் போராடியதற்கு இந்தக் கைநாட்டும் ஒரு காரணம். இன்று பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், எந்திரம் எழுதிய நானூறு வரிகளைப் படிக்காமலே தம் பெயரில் ஒப்படைக்கும்போது, அதே விரல் மீண்டும் மையில் தோய்கிறது.

சட்டமும் கையொப்பம் இட்டவரையே கேட்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம், தரவுக் கொள்கைகளை மீறுவோர்க்கான உச்சத் தண்டத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தியது. நிரலை எந்திரம் எழுதிற்று என்பது நிறுவனத்தின் பொறுப்பை எந்திரத்தின் தலையில் ஏற்றிவிடாது. 2024 டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டுள்ளது. அதன் பணிகள் வளரும்போது, அலுவல் மொழியல்லாத மொழிகளில் இயங்கும் மென்பொருள்களை யார் சோதிப்பது என்னும் கேள்வியை நம் அமைப்புகள்தாம் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

எந்திரத்தை விலக்கிவைக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அலுவலகங்கள் அதனை ஏற்றுக்கொண்டுவிட்டன. அதைக் கையாளத் தெரியாத இளைஞருக்கு வேலை கிடைப்பதே அரிதாகலாம். நம் கவலை தொடக்கநிலைப் பணிகளைப் பற்றியது. சிறு பிழை திருத்துதல், பட்டியல் வரிசைப்படுத்துதல், சொல் தேடும் பகுதியை எழுதுதல் ஆகியவை முன்பு புதியவருக்குத் தரப்பட்ட வேலைகள். அவற்றைச் செய்து செய்தே அவர் மூத்தவரானார். எந்திரம் முதலில் எடுத்துக்கொள்வதும் அவற்றையே. ஆகவே முன்னர் அலுவலகம் தந்த பயிற்சியில் ஒரு பகுதியை இனிப் பள்ளியே தர வேண்டும் எனக் கருதுகிறோம்.

2017 முதல் இடைநிலைப்பள்ளிகளில் முதலாம் படிவத்திலேயே கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் அறிமுகமாகியுள்ளது. கணினிக் கழகம் நடத்தும் ஆசிரியரும் தமிழ்மொழி ஆசிரியரும் ஒரு பிற்பகல் சேர்ந்து அமர்ந்தால் போதும். எந்திரத்திடம் ஒரு வரிசைப்படுத்தும் நிரலைக் கேட்டு வாங்கி, அதற்குக் கீழ்க்காணும் சொற்களைத் தந்து பார்க்கச் சொல்லலாம்: வளி, வலி, வழி, அகம், அக்கம், கனகா, கபிலன். பிறகு ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்கலாம். தவறிய இடங்களில் ஏன் தவறிற்று என்று மாணவர் தம் சொற்களில் எழுதித் தரவேண்டும். நிரலைத் தாமே திருத்தி மீண்டும் ஓட்ட வேண்டும். இச்சோதனைத் தாள் ஒரு பக்கத்திற்கு மேல் வராது. அதிலுள்ள வினாக்களுக்குத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவருக்கே விடை தெரியும்.